பாம்பன் ‘போம்பன்’ ஆனபோது: பழைய தமிழ்க் கோப்பும் ஒரு பிரிப்பான் குறியும்

போம்பன், மேண்டபம், தேங்கச்சிமடம். போன மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு மீனவர் சங்கத்தின் பழைய உறுப்பினர் பட்டியலை இன்றைய பொது எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றி முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தால் ஊர்ப்பெயர்கள் இப்படி நிற்கின்றன. கீழக்கரை இன்னும் மோசம், ‘க’ மேல் இரண்டு துணையெழுத்துகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வாசிக்கவே முடியாமல் கிடந்தது. கதவு எண்களுக்கு முன்னால் புள்ளிவட்டம் போட்ட ஒரு ‘ே’ தனியாகத் தொங்கியது. அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த வாரத்தில் கற்றதையும், அதற்கு முன்னும் பின்னும் இதே மாதிரி கோப்புகளோடு பட்டதையும் எழுதி வைக்கிறேன், இந்த வேலை செய்கிற யாருக்காவது ஒரு இரவுத் தூக்கமாவது மிச்சமாகட்டும்.

உச்சிப்புளியில் சின்னதாக ஒரு கணினிக் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் இதெல்லாம் அன்றாடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது மட்டும் வேறு மாதிரி வேலை வரும். சங்கங்களுக்கும் மீன் கம்பெனிகளுக்கும் பழைய கணக்கைத் தூசி தட்ட அப்போதுதான் நேரம் கிடைக்கிறது. அப்படி வந்ததுதான் இந்தப் பட்டியல். இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகள், ஒரே ஒரு டெக்ஸ்ட் கோப்பு. அதை உருவாக்கிய மென்பொருள் இருந்த கணினி எப்போதோ போய்விட்டது. கடற்கரையில் உப்புக்காற்று போர்டைச் சும்மா விடாது, உள்ளே பச்சைக் களிம்பு பூத்துச் செத்திருந்தது. அதனால் “வேறு மாதிரி ஏற்றுமதி செய்து கொடுங்கள்” என்று கேட்க வழியில்லை. கையில் இருந்தது அந்தக் கோப்புதான்.

ஒரு வரியில் ஒன்பது விவரங்கள். உறுப்பினர் எண், பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர், கதவு எண், படகுப் பதிவு எண், போன், சேர்ந்த தேதி, பங்குத்தொகை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் பிரிப்பானாக § என்ற குறி, செக்‌ஷன் குறி என்பார்களே, அது. இதைத் தேர்ந்தெடுத்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் யோசித்தது நியாயமானதுதான். காற்புள்ளி போட்டால் 1,25,000 என்ற தொகையில் வெட்டிவிடும். கோடு போட்டால் படகுப் பதிவு எண்ணில் ஏற்கனவே கோடுகள் இருக்கின்றன. அப்போ யாருமே டைப் செய்யாத ஒரு குறியைப் போடுவோம் என்று போட்டிருக்கிறார்.

எக்ஸெலில் டெக்ஸ்ட் இம்போர்ட் போய், டிலிமிட்டட் என்பதைத் தேர்ந்தெடுத்து, ‘அதர்’ என்ற பெட்டியில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு நம்பர் பேடில் 0167 தட்டினால் § விழும். கோப்பை மேற்கத்திய எழுத்துமுறை என்று சொல்லித் திறந்து, அந்தக் குறியைக் கொடுத்துப் பிரித்து, பழைய தமிழ் எழுத்துருவைப் போட்டுப் பார்த்தேன். பாதி வரிகள் அழகாக ஒன்பது கட்டத்தில் உட்கார்ந்தன. மீதி வரிகளில் பத்து, பதினொன்று, சிலதில் பன்னிரண்டு. போன் எண் இருக்க வேண்டிய இடத்தில் கதவு எண், தேதி இருக்க வேண்டிய இடத்தில் போன் எண். சரி, பிரிப்பதற்கு முன்னால் எழுத்தை மாற்றிவிடுவோம் என்று யூனிகோடு மாற்றியில் போட்டபோதுதான் பாம்பன் போம்பன் ஆனது. முதலில் பிரித்தாலும் உடைகிறது, முதலில் மாற்றினாலும் உடைகிறது.

முடிச்சை அவிழ்த்தது நான் இல்லை. சங்கத்தில் கணக்கு எழுதும் அக்கா வேதாளைக்காரர். பிரித்து வைத்திருந்த தாளைப் பார்த்தவர் கேட்டார், “தம்பி, பாம்பன்காரங்க எல்லாம் ஒழுங்கா வரிசையில நிக்கிறாங்க. எங்க வேதாளை மட்டும் ஏன் உடையுது? இந்தா ராமேஸ்வரமும் உடைஞ்சிருக்கு, தேவிபட்டினமும் உடைஞ்சிருக்கு.”

அப்போதுதான் ஊர்களை இரண்டாகப் பிரித்துத் தாளில் எழுதினேன். உடைந்தவை: வேதாளை, ராமேஸ்வரம், தேவிபட்டினம், சேதுக்கரை, முத்துப்பேட்டை, வாலிநோக்கம், ரோச்மாநகர். உடையாதவை: பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, மூக்கையூர், ஏர்வாடி. முதல் வரிசையில் எல்லாவற்றிலும் ‘ே’ இருக்கிறது. வே, மே, தே, சே, பே. வாலிநோக்கத்திலும் ரோச்மாநகரிலும் ‘ோ’, அதிலும் ஒரு ‘ே’ ஒளிந்திருக்கிறது. இரண்டாவது வரிசையில் ஒன்றில்கூட இல்லை. ஏர்வாடி மட்டும் கொஞ்சம் குழப்பியது, ஆனால் ‘ஏ’ உயிரெழுத்து, அதற்குத் தனி எண், அதனால் தப்பித்தது.

காரணம் இதுதான். அந்தப் பட்டியல் டிஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டில் டைப் செய்யப்பட்டது. கணினியில் ஒரு பைட்டில் 256 எண்கள். 0 முதல் 127 வரை ஆங்கிலமும் எண்களும் வழக்கமான குறிகளும், அதற்கு மேலே 255 வரை உள்ள இடத்தில் டிஸ்கி தமிழை வைத்தது. § என்ற குறிக்கு மேற்கத்திய எழுத்துமுறையில் எண் 167. டிஸ்கியில் அதே 167 தான் ‘ே’. அதாவது இங்கிலீஷ்காரர் எவரும் டைப் செய்யாத குறி, நம் ஊர்ப் பட்டியலில் ராமேஸ்வரத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. யூனிகோடில் ‘வே’ என்றால் முதலில் ‘வ’, பிறகுதான் ‘ே’. டிஸ்கியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசைப்படி ‘ே’ முன்னால், ‘வ’ பின்னால். அதனால் பிரிப்பானாக வந்த 167-க்கு அடுத்து ‘ப’, ‘ா’ வந்தால் யூனிகோடு மாற்றி அதைப் ‘போ’ என்றுதான் வாசிக்கும். அதன்மேல் தப்பில்லை, அதற்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். வேதாளைக்கு முன்னால் இரண்டு 167 அடுத்தடுத்து நிற்கும், ஒன்று பிரிப்பான், ஒன்று எழுத்து. எக்ஸெல் இரண்டையும் வெட்டியதால் நடுவில் ஒரு காலிக் கட்டம், அடுத்த கட்டத்தில் ‘வதாளை’. ராமேஸ்வரம் ‘ரா’ ஒரு கட்டம், ‘மஸ்வரம்’ ஒரு கட்டம்.

நோய் தெரிந்தபின் வைத்தியம் வந்தது. தமிழ் இருப்பது நடுவில் உள்ள மூன்று விவரங்களில்தான், பெயர், தகப்பனார் பெயர், ஊர். மற்றவை எல்லாம் எண்களும் ஆங்கில எழுத்துகளும். எனவே பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒவ்வொரு வரியையும் இரண்டு பக்கத்திலிருந்தும் வெட்டினேன். இடப்பக்கமிருந்து ஒரே ஒரு வெட்டு, உறுப்பினர் எண் தனியே வந்துவிட்டது. வலப்பக்கமிருந்து ஐந்து வெட்டு, கதவு எண் முதல் பங்குத்தொகை வரை வந்துவிட்டன. இதற்கு பைத்தானில் ‘ஸ்ப்ளிட்’, ‘ஆர்ஸ்ப்ளிட்’ என்று இரண்டு இருக்கின்றன, இரண்டிலும் எத்தனை வெட்டு என்று எண்ணிக்கை கொடுக்கலாம். நடுவில் மிஞ்சிய துண்டில் மட்டும்தான் சந்தேகம். அதன் கடைசியில் இருப்பது ஊர், ஊர்ப்பெயர்கள் எண்ணி நாற்பதுக்குள் அடங்கும், அந்தப் பட்டியலை டிஸ்கியிலேயே எழுதி வைத்துக்கொண்டு வால் பக்கம் பொருத்திப் பார்த்து ஊரைக் கழற்றினேன். இன்னும் மிஞ்சியது இரண்டு பெயர்கள். நடுவில் ஒரே ஒரு 167 இருந்தால் அது பிரிப்பான், முடிந்தது. அதற்கு மேல் இருந்தால், ஏற்கனவே சுத்தமாக வந்த பெயர்களோடு ஒப்பிட்டேன், ஏனென்றால் நம் பக்கம் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். அதிலும் அடங்காமல் ஐம்பது அறுபது வரிகள் நின்றன, மேரி என்றோ சேகர் என்றோ இரண்டு பெயரிலும் ‘ே’ வருபவை. அக்கா பழைய பேரேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிக்க, ஒரு மதியம் உட்கார்ந்து கையாலேயே திருத்தினோம். பிரித்து முடித்த பிறகுதான் யூனிகோடு மாற்றம். பாம்பன் பாம்பனாகவே வந்தது.

டிஸ்கி என்றில்லை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இதற்கு நேர்மாறான தொல்லை. பாமினி தமிழ் எழுத்துகளை சாதாரண ஆங்கில விசைகளின் மேலேயே வைத்திருக்கிறது. அதில் காற்புள்ளி என்றால் ‘இ’, அரைப்புள்ளி என்றால் மெய்யெழுத்தின் மேல் வைக்கிற புள்ளி. முன்பு ஒரு மீன் கம்பெனியின் கொள்முதல் கணக்கு சாதாரண சிஎஸ்வி கோப்பாக வந்தது, காற்புள்ளிதான் பிரிப்பான், மேற்கோள் குறி எதுவும் இல்லை. நெத்திலி, சூடை, காரல், நண்டு எல்லா வரிகளும் ஒழுங்காக இருந்தன. இறால் வரிகள் மட்டும் ஒரு கட்டம் தள்ளிப் போயின. இறாலின் ‘இ’ காற்புள்ளியாக இருந்ததால் அங்கே ஒரு வெட்டு விழுந்து, எடை விலைக் கட்டத்திலும், விலை தொகைக் கட்டத்திலும் போய் உட்கார்ந்துவிட்டன. விலை அதிகமான சரக்கின் கணக்குதான் தப்பாகிறது என்று யோசித்துப் பாருங்கள். மொத்தத் தொகை இடித்ததால் கண்டுபிடித்தேன், இல்லையென்றால் அப்படியே போயிருக்கும். அந்தக் கோப்பை அரைப்புள்ளியில் பிரித்திருந்தால் ஒவ்வொரு மெய்யெழுத்திலும் வெட்டியிருக்கும்.

எனவே பழைய தமிழ்க் கோப்பு வந்தால் பிரிப்பான் எது என்று கேட்பதற்கு முன்னால் எழுத்துமுறை எது என்று கேட்டாக வேண்டும். டிஸ்கி என்றால் 127-க்கு மேல் உள்ள எந்தக் குறியும் ஆபத்து, காற்புள்ளி, டேப், | இவை எழுத்தோடு மோதாது. பாமினி என்றால் விசைப்பலகையில் கண்ணுக்குத் தெரிகிற காற்புள்ளி, அரைப்புள்ளி எதையும் நம்ப முடியாது, டேப் மட்டுமே நிம்மதி. யூனிகோடை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 என்றால் கவலை குறைவு. அதில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட், மூன்றும் 127-க்கு மேல்தான் இருக்கும், அதனால் டேப்போ | குறியோ தமிழ் எழுத்துக்குள் ஒளிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் யூடிஎஃப்-8 கோப்பில் § பிரிப்பானாக வந்தால் ஒன்று நடக்கும். அங்கே அந்தக் குறியே இரண்டு பைட், 194-ம் 167-ம். கோப்பை மேற்கத்திய எழுத்துமுறை என்று தவறாகத் திறந்தால் 167 வெட்டப்பட்டு, 194 என்பது தலையில் கூரை வைத்த ஆங்கில ஏ எழுத்தாக ஒவ்வொரு கட்டத்தின் வாலிலும் ஒட்டிக்கொள்ளும். தமிழ்ப் பெயர்கள் முழுக்கவே குப்பையாகத் தெரியும். எண்கள் உள்ள கட்டங்களில் பார்த்தால் சின்னக் குப்பை, ஆனால் ஓர் எண்ணும் இன்னொரு கோப்பின் எண்ணோடு பொருந்தாது.

மென்பொருள்களுக்கும் இதில் ஆளுக்கொரு பிடிவாதம். எக்ஸெலின் பழைய இம்போர்ட் விஸார்டில் ‘அதர்’ பெட்டி ஒரே ஒரு எழுத்தைத்தான் வாங்கும். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் காப்பி கட்டளையும் ஒரு பைட் பிரிப்பானைத்தான் ஏற்கும். எனக்கு ஒருமுறை || என்று இரட்டைக் குறி போட்ட டீசல் கணக்குக் கோப்பு வந்தது. எக்ஸெலில் ஒரு | மட்டும் கொடுத்து, அடுத்தடுத்து வரும் பிரிப்பான்களை ஒன்றாகக் கொள் என்ற டிக்கைப் போட்டேன், முதல் பக்கம் பார்க்க அருமையாக இருந்தது. முன்பணம் வாங்காத படகுகளுக்கு அந்தக் கட்டம் காலி, அதாவது நான்கு | வரிசையாக நிற்கும். அதையும் ஒன்றாகக் கொண்டு காலிக் கட்டத்தையே விழுங்கிவிட்டது. பின்னால் உள்ள பாக்கித்தொகை முன்பணக் கட்டத்துக்கு நகர்ந்து, வாங்காத முன்பணம் வாங்கியதாகக் காட்டியது. காலிக் கட்டம் இருக்கக்கூடிய கோப்பில் அந்த டிக்கை ஒருபோதும் போடாதீர்கள். எக்ஸெலிலேயே உள்ள பவர் கொயரியில் விருப்பப் பிரிப்பான் என்று இரண்டு மூன்று எழுத்தையும் கொடுக்க முடியும், அதைப் பயன்படுத்துங்கள். லிப்ரே ஆபிஸில் இரண்டு எழுத்து கொடுத்தால் அது ஒவ்வொன்றையும் தனித்தனிப் பிரிப்பானாக எடுத்துக்கொள்ளும், அதுவும் நினைவில் இருக்கட்டும்.

பைத்தானில் பாண்டாஸ் என்ற தரவு நிரல்தொகுப்பு வைத்துக் கோப்பைப் படிப்பவர்களுக்கு: ஓர் எழுத்துக்கு மேல் பிரிப்பான் கொடுத்தால் பாண்டாஸ் அதை ரெஜெக்ஸ், அதாவது குறிகளுக்குத் தனிப் பொருள் உள்ள தேடல் வடிவம், ஆகத்தான் எடுத்துக்கொள்ளும். ரெஜெக்ஸில் | என்றால் ‘இது அல்லது அது’ என்று பொருள். அதனால் || கொடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும், இல்லையென்றால் எழுத்தெழுத்தாகக் கூட நொறுக்கும். இன்னொரு சின்னக் கண்கட்டு, | என்பதும் நடுவில் உடைந்த ¦ என்பதும் வேறு வேறு. முதலாவது 124, இரண்டாவது 166. பழைய விசைப்பலகைகளில் 124-க்கான விசை மேலேயே உடைந்த கோடாக அச்சிட்டிருப்பார்கள், அதனால் இரண்டும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். டிஸ்கியில் 166 என்பது ‘ெ’. § விஷயத்தில் தப்பிய பெரியபட்டினமும் தொண்டியும் ¦ வந்தால் மாட்டிக்கொள்ளும்.

கண்ணுக்கே தெரியாத பிரிப்பானும் உண்டு. ஒரு கோப்பில் பெயர், ஊர், போன் எல்லாம் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக் கிடந்தது. நோட்பேட் பிளஸ் பிளஸில் எல்லா எழுத்துகளையும் காட்டு என்று வைத்தபோதுதான் நடுவில் கறுப்புப் பெட்டிகள் தெரிந்தன, எண் 31. 0 முதல் 127 வரையிலான எண்களுக்குக் குறி சொல்லும் ஆஸ்கி அட்டவணையில் 28 முதல் 31 வரை நான்கு எண்களை இந்த வேலைக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள், கோப்பு, தொகுதி, பதிவு, விவரம் என்று நான்கு அடுக்குக்கு நான்கு பிரிப்பான்கள். என்னைக் கேட்டால் மிக நல்ல ஏற்பாடு, எந்த மொழி எழுத்தோடும் மோதாது, யாரும் தவறியும் டைப் செய்ய மாட்டார்கள். ஆனால் வாங்குகிறவருக்குச் சொல்லாமல் அனுப்பினால் அவர் குருடாகத்தான் தேட வேண்டும். ஹைவ் என்ற தரவுக்கிடங்கு மென்பொருள் இயல்பாகவே எண் 1-ஐப் பிரிப்பானாகப் போடும், அதுவும் இப்படித்தான் கண்ணில் படாது.

இப்போது எந்தக் கோப்பு வந்தாலும் உடனே எக்ஸெலில் இரட்டைக் கிளிக் செய்வதை விட்டுவிட்டேன். முதலில் ஒரு நகல். அப்புறம் ஒரு சின்ன நிரல், ஒவ்வொரு வரியிலும் சந்தேகப்படும் குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணும். ஒன்பது விவரத்துக்கு எட்டு வர வேண்டும். எல்லா வரியிலும் எட்டு என்றால் அதுதான் பிரிப்பான், கொஞ்சம் வரிகளில் ஒன்பது பத்து என்றால் அந்தக் குறி விவரத்துக்குள்ளும் இருக்கிறது, ஏழு ஆறு என்று குறைந்தால் முகவரியில் யாரோ என்டர் தட்டி வரியை இரண்டாக்கியிருக்கிறார்கள். உதிரிபாகக் கணக்கில் புரொப்பல்லர் 20" என்று அங்குலத்துக்கு மேற்கோள் குறி போட்டிருந்தால், அந்தக் குறி கட்டத்தின் தொடக்கத்தில் விழுகிற இடத்தில் மென்பொருள் அடுத்த மேற்கோள் குறி வரும்வரை பல வரிகளை ஒரே கட்டமாக விழுங்கும். 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணம் சிஎஸ்விக்கு ஒழுங்கு சொல்கிறது, விவரத்துக்குள் காற்புள்ளி வந்தால் மேற்கோளுக்குள் போடு, மேற்கோள் குறியே வந்தால் அதை இரட்டிப்பாக்கு என்று. அதைப் பின்பற்றாத பழைய மென்பொருள்கள்தான் நமக்கு வருகின்றன.

பிரிப்பான் சரியாகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இம்போர்ட்டின் கடைசித் திரையில் கதவு எண், போன், உறுப்பினர் எண் எல்லாவற்றையும் ‘டெக்ஸ்ட்’ என்று குறிக்க வேண்டும். விட்டால் 3/12 என்ற கதவு எண் தேதியாகிவிடும், 0045 என்ற உறுப்பினர் எண் 45 ஆகிவிடும். இதெல்லாம் பார்த்தவுடன் தெரியாது, சேமித்து மூடி ஒரு மாதம் கழித்து யாராவது கேட்கும்போதுதான் தெரியும். 

இப்போது அந்தச் சங்கத்தின் கோப்பு மாதாமாதம் டேப் பிரிப்பானோடு யூடிஎஃப்-8-இல் வருகிறது. டேப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், விவரம் பதியும் திரையில் டேப் விசையைத் தட்டினால் அடுத்த பெட்டிக்குப் போய்விடும், அதனால் விவரத்துக்குள் அது நுழைவது அபூர்வம், எங்கிருந்தாவது ஒட்டினால்தான் உண்டு. கோப்பு வந்த கையோடு அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் இரண்டு எண்கள் வரும், வரி எத்தனை, பங்குத்தொகை மொத்தம் எவ்வளவு. அவை இரண்டும் என் திரையில் ஒத்து வந்தபின், தேடலில் வேதாளை என்று தட்டி அவர் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் “வந்துருச்சுக்கா” என்று பதில் போடுகிறேன்.